பொருள்: மாடிக் குளியலறையில் நீர்க்கசிவு – டைல்ஸைப் பெயர்த்து மறுவேலை செய்து தரக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டின் மாடிக் குளியலறையை உங்கள் நிறுவனம்தான் புதுப்பித்துக் கொடுத்தது. கடைசித் தவணை வரை பணம் கட்டிவிட்டோம். இப்போது அதற்கு நேர் கீழே, என் அம்மா படுக்கும் அறையின் கூரையில் ஈரம் பரவி, பெயின்ட் உரிந்து, மின்விசிறிக் கொக்கியின் ஓரமாகத் தண்ணீர் சொட்டுகிறது. ஷாக் அடிக்குமோ என்ற பயத்தில் அந்த அறைக்கு மின்சாரத்தையே நிறுத்தி வைத்திருக்கிறோம். மூட்டு வலியோடு அம்மா ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார்.

உங்கள் சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "டைல்ஸ் இடுக்குலதான் இறங்குது, ஒயிட் சிமென்ட் அடைச்சா நின்னுடும்" என்றார். அடைத்தார்கள். நிற்கவில்லை. அப்படி நிற்கவும் நிற்காது. இடுக்கு வழியாகக் கொஞ்சம் ஈரம் இறங்குவது எந்தக் குளியலறையிலும் உண்டு. அதைத் தடுக்கத்தான் அடியில் வாட்டர்புரூஃபிங் அடிக்கிறோம். அந்தப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஓரடியாவது ஏற வேண்டும். குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்களைச் சுற்றி நன்றாக அடைபட வேண்டும். அப்புறம் வடிகாலை அடைத்து, தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரமாவது வைத்து, கீழே ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. "இரண்டு கோட் வாட்டர்புரூஃபிங், தண்ணீர் தேக்கிச் சோதனை" என்று உங்கள் கொட்டேஷனிலேயே தனி வரி இருக்கிறது, அதற்குத் தொகையும் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் பூச்சு அடித்த மறுநாள் காலையே டைல்ஸ் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். கேட்டதற்கு, "அடுத்த சைட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க சார்" என்றார் மேஸ்திரி. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரை அவசரப்படுத்திய நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தரை வாட்டமும் சரியில்லை. ஷவர் தண்ணீர் தரையில் உள்ள வடிகால் வாய்க்கு (ட்ராப்) போகாமல் கதவு மூலையில் தேங்குகிறது. அங்கேயே பல டைல்ஸ் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது.

எனவே டைல்ஸை முழுக்கப் பெயர்த்து, புதிதாக வாட்டர்புரூஃபிங் செய்து, எங்கள் கண் முன்னே தண்ணீர் தேக்கிச் சோதித்து, வாட்டம் சரிபார்த்து மறுபடி ஒட்டித் தர வேண்டும். கீழறைக் கூரையையும் பழுது பார்க்க வேண்டும். எல்லாம் உங்கள் செலவில். மறுபடி ஒயிட் சிமென்ட் டப்பாவோடு ஆள் அனுப்பினால் உள்ளே விடமாட்டோம்.

வேலை தொடங்கும் தேதியை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சேவைக் குறைபாட்டுக்கும் அம்மா படும் சிரமத்துக்கும் இழப்பீடு கேட்டு மனு கொடுப்போம். கொட்டேஷன், ரசீதுகள், கசிவின் புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்
தாம்பரம்