பாம்பன் எஞ்சினுக்குப் பழைய படம் தேவை

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் நண்பர் மாடியில் போடும் பாம்பன் மாதிரி ரயில் லேஅவுட்டுக்காக ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினின் மாதிரியைக் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன். 2007இல் அகலப்பாதை வருவதற்கு முந்தைய காலம்தான் வேண்டும் என்கிறார். அளவு 1:87. மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் தண்டவாள இடைவெளி, அதில் 11.5 மி.மீ. ஆகிறது, 12 மி.மீ. தண்டவாளமே போதும், அரை மில்லியை யார் ஸ்கேல் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

உடல் முழுக்க 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட். கைப்பிடிகளுக்கு முதலில் இரும்புக் கம்பி போட்டது தப்பு. நம்ம ஊர் உப்புக்காற்றில் பத்தே நாளில் துருப்பிடித்து, பெயிண்டின் மேல் பழுப்புக் கோடு இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி மாட்டியாயிற்று. கேபின் ஜன்னல் ஒன்று லேசாகக் கோணல், அது என் கைவேலை.

போகிக்கு (எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்) மூன்று அச்சு என்பது தெரியும், அதன் பக்கச் சட்டம்தான் எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை. அந்தக் காலத்தில் ராமேஸ்வரம், மண்டபம் ஸ்டேஷன்களில் எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். குடும்பப் படத்துக்குப் பின்னால் எஞ்சின் நின்றாலும் சரி.

அப்புறம், ஞாயிறு மாலை ஓட்டிப் பார்க்கிறோம். முடிந்தவர்கள் வாருங்கள்.