எந்த அம்மைக் கிருமி என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலுக்குறைத்த அம்மை வைரஸ்களில் வேறு நோய்க்கிருமிகளின் மரபணுக்களை ஏற்றிப் புதிய தடுப்பூசிகள் தயாரிக்கப்படுவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ஆத்தா, "ஏந்தம்பி, போன மாரியாத்தாளை மறுபடியும் ஊசியில போட்டுக் கூட்டிட்டு வாராங்களா?" என்றார். சிறு வயதில் அம்மை குத்திய தழும்பு அவர் புயத்தில் இன்றும் காசளவுக்கு இருக்கிறது. அவர் கேள்விக்குச் செய்தியில் விடை இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பெரியம்மையை உண்டாக்கிய வைரஸ் வேறு. அதைத் தடுக்க மக்களுக்குக் குத்தப்பட்ட வாக்சினியா என்னும் வைரஸ் வேறு. முன்னது உலகில் ஒழிந்துவிட்டதாக 1980 மே மாதம் அறிவிக்கப்பட்டது. இப்போது பேசப்படுவது பின்னதும் அதன் உறவுகளும்தான். வாக்சினியாவின் மரபுத்தொடர் (டி.என்.ஏ.) ஏறத்தாழ 1,90,000 எழுத்துகள் நீளமுடையது. வேறொரு நோய்க்கிருமியின் மரபணுவைச் செருக அதில் தாராளமாக இடம் உண்டு. 1982-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைச் செய்து காட்டின. செருகிய மரபணு காட்டும் புரதத்தை நம் செல்லே உற்பத்தி செய்ய, உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. இந்த வைரஸ், நம் மரபணுக்கள் இருக்கும் செல் உட்கருவுக்குள் நுழையாமல் வெளியிலேயே தன் வேலையை முடித்துக்கொள்வதால், நம் மரபணுக்களோடு கலந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது புத்தகச் செய்தி அன்று. வலுக்குறைந்த அம்மைக் கிருமியை இரட்டை முனை ஊசியில் தொட்டுக் கோழியின் இறக்கைச் சவ்வில் குத்துவோம். ஒரு வாரம் கழித்துச் சிறகை விரித்துப் பார்த்தால், குத்திய இடத்தில் சிறு வீக்கமும் பொருக்கும் தெரியும். தெரியாவிட்டால் மருந்து பிடிக்கவில்லை என்று பொருள், மறுபடியும் குத்த வேண்டும். இதே கோழியம்மைக் கிருமியில் வெள்ளைக் கழிச்சல் நோயின் மரபணுவை ஏற்றிய தடுப்பூசிகள் அமெரிக்காவில் பல ஆண்டுகளுக்கு முன்பே உரிமம் பெற்றுவிட்டன.

எனினும், 'வலுக்குறைத்தது' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. துருக்கியின் அங்காரா வகை வாக்சினியாவை ஜெர்மனியில் அன்டோன் மாயர் கோழிக்கருச் செல்களில் 570 முறைக்கும் மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். அது தன் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை இழந்து, மனித செல்லில் பெருக முடியாத எம்.வி.ஏ. (மாற்றப்பட்ட வாக்சினியா அங்காரா) என்னும் வகையாயிற்று. எபோலாவுக்கு எதிராக 2020-ல் ஐரோப்பா அனுமதித்த இரட்டைத் தவணைத் தடுப்பூசியில் இரண்டாம் தவணை இதன் மீது ஏற்றப்பட்டதே. இதே வகையில் எச்.ஐ.வி. மரபணுக்களை ஏற்றிய தடுப்பூசியைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-லேயே தன்னார்வலர்களுக்குச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாறாக, ஐரோப்பாவில் நரிகளுக்கும் அமெரிக்காவில் ரக்கூன்களுக்கும் வெறிநோய் வராமலிருக்க, அந்நோய்க் கிருமியின் மரபணுவை ஏற்றி இரையில் வைத்துப் போடப்பட்ட வாக்சினியா, பெருகும் தன்மையுடையது. அது பெரும்பயன் தந்தது உண்மை. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் ஒஹையோவில் நாயின் வாயிலிருந்து அந்த இரையைப் பிடுங்கிய பெண் ஒருவர் அதனால் தொற்றுக்கு ஆளானதும் உண்மை. தெருநாய்த் தொல்லைக்கு அதே இரையைப் போட்டால் என்ன என்று எங்கள் பகுதியில் சிலர் கேட்கிறார்கள். கறவைக்காரர்களின் விரலில் கொப்புளம் போடும் எருமையம்மை வாக்சினியாவின் வழிவந்ததே. அது மாட்டுக் கொட்டகைகளில் இன்னும் வந்துபோகும் நாட்டில், பெருகும் வாக்சினியாவைத் தெருவில் விடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து. பெருகாத வகைகளையே இங்கு நாடலாம்.

அம்மை குத்தப்பட்டவர்களின் உடலில் வாக்சினியாவுக்கு எதிர்ப்பு ஏற்கெனவே இருப்பதால், அதன் மீது ஏற்றிவரும் புதிய தடுப்பூசி அவர்களிடம் சற்று மந்தமாக வேலை செய்யக்கூடும். ஆத்தாவின் தழும்பு இந்த வகையில் மருத்துவர் கேட்டறிய வேண்டிய செய்தியாகிறது. தடுப்பூசி முகாம்களில் அந்தக் கேள்வியும் படிவத்தில் இடம்பெற வேண்டும்.

இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி 2022 ஜூலையில் எங்கள் மாநிலத்தின் கொல்லத்தில்தான் கண்டறியப்பட்டார். அந்நோய்க்கு அயல்நாடுகளில் பரவலாகப் போடப்படும் தடுப்பூசியும் எம்.வி.ஏ.தான். இங்கு சுகாதார அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன; பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தமிழர் சித்தூர் வட்டத்தில் ஏராளம். அவர்கள் நம்பிப் படிப்பது தங்களைப் போன்ற நாளிதழ்களைத்தான். ஆகவே, அடுத்த முறை இத்தகைய செய்தி வெளியிடும்போது, எந்த அம்மை வைரஸ், அது மனித உடலில் பெருகுமா பெருகாதா என்ற இரண்டு விவரங்களையும் முதல் பத்தியிலேயே தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.