டேனியல் வெப்ஸ்டர் தனியாக உயர்ந்தவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க வழக்கறிஞரும் செனட் உறுப்பினருமான டேனியல் வெப்ஸ்டரைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். அவருடைய செனட் உரைகள், தான் படித்த கல்லூரிக்காக அவர் வாதாடிய டார்ட்மவுத் கல்லூரி வழக்கு பற்றிய பகுதிகளில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வரி: "பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு விவசாயிக்கு மகனாகப் பிறந்து, யாருடைய துணையும் இல்லாமல் தன் முயற்சியால் மட்டுமே உயர்ந்தவர்." கட்டுரையை முடித்த பிறகும் என் மனம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

அந்த விவசாயிக்கு ஒரு பெயர் உண்டு. எபனேசர் வெப்ஸ்டர். தங்கள் கட்டுரையில் அந்தப் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. தாங்கள் அறியாதவர் அல்லர். அதனால்தான் வருத்தம் கூடுகிறது.

1739-இல் நியூ ஹாம்ப்ஷயரின் கிங்ஸ்டனில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு இல்லை என்பது உண்மைதான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டவர். பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த போரில் ரேஞ்சர் படையில் இருந்தார். போர் முடிந்ததும், பின்னாளில் சால்ஸ்பரி என்று பெயர் பெற்ற காட்டுப் பகுதியில் நிலம் பெற்று, மரம் வெட்டி, மரக்கட்டைகளை அடுக்கிக் குடில் கட்டிக் குடியேறினார். அமெரிக்க விடுதலைப் போரில், 1777-இல் நடந்த பென்னிங்டன் சண்டையில் தன் ஊர்ப் படைக்குத் தலைவராகப் போனார். ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் துரோகம் வெளிப்பட்ட 1780-இல், படைத்தலைவர் வாஷிங்டனின் இருப்பிடத்துக்குக் காவல் நின்றவர் இவரே என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கட்டுரையாளர் எழுதாத இன்னொன்று, எபனேசர் விடுதி நடத்தியது. அக்காலத்து நியூ இங்கிலாந்தில், அதாவது நியூ ஹாம்ப்ஷயர் உள்ளிட்ட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், விடுதி என்பது குடித்துவிட்டுப் போகும் இடம் மட்டுமல்ல. உரிமம் இல்லாமல் யாரும் அதை நடத்த முடியாது. வண்டிக்காரர்கள் குதிரைக்குத் தண்ணீர் காட்ட இறங்குவார்கள்; வெளியூர்ச் செய்தி அவர்களோடுதான் வரும்; ஊர் வழக்கும் வரிப் பேச்சும் அந்த அடுப்பங்கரையில்தான் அலசப்படும். படிக்காத ஒரு மனிதர் நாட்டு நடப்பை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எது? சிறுவன் டேனியல் அந்த வண்டிக்காரர்களுக்கு பைபிளை வாசித்துக் காட்டுவான், அவர்கள் குதிரைகளை மறந்துவிட்டுக் கேட்பார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து செனட்டையே கட்டிப்போட்ட அந்தக் குரலுக்கு முதல் சபை அப்பா நடத்திய விடுதிதான்.

அந்த விடுதிக்காரரைத்தான் ஊரார் மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். கீழவையிலும் மேலவையிலும் இருந்திருக்கிறார். அந்த மாநிலத்தின் 1784 அரசியல் சட்டப்படி, கீழவை உறுப்பினருக்கு 100 பவுன் மதிப்புள்ள சொத்து வேண்டியிருந்தது, புராட்டஸ்டன்ட் மதத்தவராகவும் இருக்க வேண்டியிருந்தது. தலைநகரம் என்று நிலையான ஓர் ஊர் அப்போது இல்லை. கான்கார்டு அந்த இடத்தைப் பிடித்தது 1808-இல்தான். எக்ஸிட்டர், போர்ட்ஸ்மவுத் என்று மன்றம் எங்கே கூடுகிறதோ அங்கே போக வேண்டும், வயல் வேலை வீட்டில் காத்துக் கிடக்கும். கூட்டாட்சி அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று 1788-இல் கூடிய நியூ ஹாம்ப்ஷயர் மாநாட்டுக்கும் சால்ஸ்பரியின் பிரதிநிதி இவரே. 57-க்கு 47 என்ற வாக்கில் அந்த மாநாடு ஏற்ற பிறகுதான், தேவைப்பட்ட ஒன்பதாவது மாநிலத்தின் ஒப்புதலோடு, அந்தச் சட்டம் உயிர் பெற்றது. 1791-இல் சட்டம் படிக்காமலே மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதியும் ஆனார். இவ்வளவையும் 'ஒரு விவசாயி' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

மகனே எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. வெயிலில் புல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஏபியல் ஃபாஸ்டர் வந்து அப்பாவோடு பேசிவிட்டுப் போகிறார். அவர் போனதும் அப்பா மகனை மரத்தடியில் உட்காரவைத்து, அவர் நாளுக்கு 6 டாலர் வாங்குவதும் தான் இங்கே பாடுபடுவதும் அவரிடம் இருந்த படிப்பு தன்னிடம் இல்லாததால்தான் என்கிறார். அந்த இடத்துக்குத் தானும் மிக நெருங்கி வந்து தவறவிட்டவர் என்கிறார். பிறகு 1796-இல் மகனை எக்ஸிட்டர் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அடுத்த ஆண்டு பனிவண்டியில் போகும்போது, கல்லூரிக்கே அனுப்பப் போவதாகச் சொன்னதும் பையன் பேச முடியாமல் அப்பா தோளில் தலைசாய்த்து அழுகிறான். இந்த டேனியலா யாருடைய துணையும் இல்லாமல் உயர்ந்தவர்?

அதோடும் முடியவில்லை. அண்ணன் எசக்கியலையும் படிக்கவைக்க வேண்டும் என்று டேனியல் கேட்டபோது, இரண்டு பேரையும் படிக்கவைத்தால் உள்ளதெல்லாம் போய்விடும், உங்கள் அம்மாவும் மணமாகாத இரண்டு மகள்களும் சம்மதிக்க வேண்டும் என்றார் அப்பா. அம்மா அபிகேல், பிள்ளைகளை நம்புகிறேன் என்று சம்மதித்தார். நிலம் அடமானம் போனது. 1802-இல் டேனியல் ஆண்டுக்கு 350 டாலர் சம்பளத்தில் ஃப்ரைபர்க்கில் ஆசிரியராக இருந்துகொண்டு, இரவெல்லாம் பத்திரம் நகலெடுத்து அண்ணனுக்குப் பணம் அனுப்பினார். பிறகு அண்ணன் பாஸ்டனில் பள்ளி நடத்தித் தம்பியின் சட்டப் படிப்புக்கு உதவினார். தந்தையின் நீதிமன்றத்தில் 1,500 டாலர் சம்பளத்தில் டேனியலுக்கு எழுத்தர் வேலை வந்தது. நீதிபதியான தந்தையின் சம்பளமோ 400 டாலரைத் தாண்டாதது. மகன் வேண்டாம் என்றபோது அந்தக் கிழவர் எவ்வளவு உடைந்துபோயிருப்பார்! அவர் அருகில் இருக்கவேண்டும் என்றே டேனியல் பக்கத்து ஊரான பாஸ்கவனில் வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். 1806-இல் அப்பா இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

ஐயா, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் முதலிடம் பெற்ற மாணவர் மேடையேறி 'என் விடாமுயற்சி' என்று பேசும்போது, மாட்டை விற்றுக் கட்டணம் கட்டிய தகப்பனார் வாசற்பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அப்படிப் பேசக் கற்றது தங்கள் இதழ் போன்றவற்றில் வரும் இந்த 'தனியாக உயர்ந்தவர்' கட்டுரைகளில்தான். வேறொரு மாமனிதர் கட்டுரையிலும் இதே பல்லவி வந்து, நான் எழுதிய கடிதம் பாதியாக வெட்டப்பட்டு, நான் பாராட்டிய வரி மட்டும் அச்சானது. அதற்கு முன்பு கேள்வி-பதில் பகுதியில் அகராதி தொகுத்தவர் டேனியல் வெப்ஸ்டர் என்று வந்தது. அது நோவா வெப்ஸ்டர், கனெக்டிகட்காரர். அப்போதும் எழுதினேன், திருத்தம் வரவில்லை. முன்பு இரண்டு பக்கம் இருந்த கடிதப் பகுதியே இப்போது விளம்பரத்துக்கு அடியில் கால் பக்கமாகிவிட்டது.

என் மகள் நியூ ஹாம்ப்ஷயரில் வேலை பார்க்கிறாள். அவளோடு, அன்று சால்ஸ்பரியில் அடங்கியிருந்த ஃபிராங்க்ளின் ஊரில் டேனியல் பிறந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். சின்ன மரவீடு. அந்த நிலத்தைத் திருத்தியவரும் வீட்டைக் கட்டியவரும் எபனேசர்தான். பின்னாளில் 1840-இல், தன் மூத்த அண்ணன்களும் அக்காள்களும் பிறந்த மரக்குடிலையும் தந்தையையும் பற்றிப் பொதுமேடையில் பேசியபோது, டேனியலே கண்கலங்கியிருக்கிறார். அவர் மறைக்காத தகப்பனாரை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போதும். 'தந்தை எபனேசர் வெப்ஸ்டர், விடுதிக்காரர், நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்ற உறுப்பினர், நிலத்தை அடமானம் வைத்து இரு மகன்களைப் படிக்கவைத்தவர்.' இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால் இதை விட்டுவிடுங்கள். அந்த வரிகளை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்.