தங்க விலைக் கணிப்பும் கிரகப் பெயர்ச்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி நெருங்கும்போதெல்லாம், சவரன் இன்ன விலைக்குப் போகும் என்ற ஜோதிடக் கணிப்புகள் நாளிதழ்களின் வணிகப் பக்கத்திலேயே, அன்றைய தங்க விலைக்குப் பக்கத்தில் இடம்பெறுவதைக் கவலையோடு பார்க்கிறேன். நாள் பார்த்துத் தாலிக்குப் பொன் உருக்கும் வழக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால், விலை சொல்வது வேறு; அதைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதால் பார்த்தே ஆக வேண்டும்.

1980 ஜனவரியில் லண்டன் சந்தையில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலர் என்ற உச்சத்தைத் தொட்டபோது குரு சிம்மத்தில் இருந்தார். மூன்று சுற்று முடித்து அவர் மறுபடி சிம்மத்தில் இருந்த 2015 டிசம்பரில், தங்கம் 2011ஆம் ஆண்டின் உச்சத்திலிருந்து சரிந்து 1,050 டாலர் அளவில் கிடந்தது. சனியோ, 1980 உச்சத்தின்போதும், 2011 செப்டம்பரில் விலை 1,900 டாலரை எட்டியபோதும் கன்னியில்தான் இருந்தார். இந்த இரண்டை மட்டும் எடுத்துக் காட்டினால் யாருக்கும் நம்பத் தோன்றும். ஆனால் அதே கன்னியில் சனி இருந்த 1982 ஜூனில் தங்கம் 300 டாலருக்கும் கீழே போயிருந்தது. பொருந்தாத ஆண்டுகளை இந்தக் கணிப்பாளர்கள் பேசுவதே இல்லை.

தங்க விலை குறிப்பிட்ட கால இடைவெளியில் ஏறி இறங்கும் என்ற சந்தைச் சுழற்சி வாதமும் இதைவிட உறுதியானதன்று. 1980க்குப் பிந்தைய இறக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 2011க்குப் பிந்தையது நான்கே ஆண்டுகளில் முடிந்தது. 1980இல் விலையை ஏற்றியவை அமெரிக்கப் பணவீக்கமும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும். இறக்கியது அமெரிக்க வட்டி உயர்வு. 2022 முதல் 2024 வரை உலகின் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கிக் குவித்ததும் விலையை ஏற்றியது. நம் ஊர் விலையில் ரூபாயின் மதிப்பும் இறக்குமதி வரியும் சேர்ந்துகொள்கின்றன: 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானதும், அன்றே சென்னையில் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் குறைந்தது.

மகள் கல்யாணத்துக்காக மாதாமாதம் நகைச்சீட்டு கட்டியவர், சீட்டு முடிந்த பிறகும், பெயர்ச்சிக்குப் பின் விலை இறங்கும் என்று நம்பி நகை எடுக்காமல் காத்திருக்கிறார். இன்னொருவர், ஏறும் என்று நம்பி, கையிலிருக்கும் நகையை அடகு வைத்துத் தங்கக் காசு வாங்குகிறார். கணிப்பு பொய்த்தால் அடகு வட்டி இவர் தலையில் விழுகிறது. கணித்தவரோ ஒரு பைசா இழக்காமல் அடுத்த பெயர்ச்சிக்குப் பலன் சொல்லத் தயாராகிவிடுகிறார். இது அநியாயம் என்றே கருதுகிறேன்.

ஆகவே, இத்தகைய கணிப்புகளை ராசிபலன் பகுதிக்கு மாற்றுமாறு வேண்டுகிறேன். வணிகப் பக்கத்தில்தான் வெளியிட வேண்டும் என்றால், அதே நபர் சென்ற ஆண்டு சொன்ன விலையையும், அந்த நாளில் உண்மையில் இருந்த விலையையும் அருகருகே அச்சிடுங்கள். அன்றாட விலைப் பட்டியலில் டாலரின் ரூபாய் மதிப்பையும் நடப்பு இறக்குமதி வரியையும் சேர்த்தால் வாசகர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.