மாமா, கண்ணாடி மாற்றினால் போதாது

அன்புள்ள மாமா,

வாட்ஸப்பில் அனுப்பினால் படிக்கமாட்டீர்கள். தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் உங்கள் வயதுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

வளைகாப்பு அன்று சாயங்காலம் திண்ணையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உங்கள் கண்ணைப் பார்த்தேனே, நினைவிருக்கிறதா? வலது மேலிமை லேசாக இறங்கியிருந்தது. மங்கல் வெளிச்சத்தில் இடது கண்ணின் பாவை, அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், நன்றாக விரிந்திருந்தது, வலது விரியவில்லை. "வயசாச்சும்மா, கண்ணாடியை மாத்தினா சரியாயிடும்" என்றீர்கள். வயதானால் இமை தளரும், சரி. பாவையை ஒரு பக்கம் மட்டும் சுருக்குவது வயதின் வேலை இல்லை.

இதற்கு ஹார்னர் சிண்ட்ரோம் என்று பெயர். சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் ஹார்னர் 1869-லேயே எழுதிவைத்தது. கோளாறு பெரும்பாலும் கண்ணில் இருக்காது. பாவையை விரிக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருவதில்லை. தண்டுவடம் வழியாக நெஞ்சுவரை இறங்கி, நுரையீரலின் உச்சியை ஒட்டி வெளியே வந்து, கழுத்து ரத்தக்குழாயோடு மறுபடி மேலே ஏறுகிறது. அந்த உச்சியில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால் நரம்பு நசுங்கும். பான்கோஸ்ட் கட்டி என்பார்கள். பெரிய மூச்சுக்குழாய்களைவிட்டுத் தள்ளி இருப்பதால் ஆரம்பத்தில் இருமல்கூட இல்லாமல் போகலாம்.

எனக்குப் பயம் தருவது கண் மட்டுமில்லை. தோள்பட்டையில் தொடங்கும் வலி கையின் உள்பக்கமாகச் சுண்டுவிரல்வரை இறங்குகிறது என்று அத்தை சொன்னார்கள். எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அந்தக் கட்டி பிடிக்கிற நரம்புகளின் வலியும் அதே வழியில்தான் இறங்கும். இளவயதிலிருந்து பீடி வேறு.

புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஹார்னருக்கு வேறு காரணங்கள் உண்டு, காரணமே தெரியாமலும் போவதுண்டு. (திடீரென்று கழுத்துவலியோடு வந்தால் ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.) ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு உறுதிசெய்வார். அக்கா கல்யாண ஆல்பத்தை எடுத்துவையுங்கள், இமை எப்போதிலிருந்து இறங்கியது என்று அதில் தெரியும். நெஞ்சுக்கு எக்ஸ்ரே மட்டும் போதாது. காரை எலும்பும் விலா எலும்பும் அந்த இடத்தை மறைத்துவிடும். சி.டி. ஸ்கேன் கேட்போம். கட்டியாகவே இருந்தாலும், பரவுவதற்கு முன்னால் பிடித்தால் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து, அப்புறம் அறுவை சிகிச்சையில் எடுக்க வழி இருக்கிறது.

அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வருகிறேன், தயாராக இருங்கள்.

உங்கள் மருமகள்