கையடக்கக் கணினிகளில் மின்னஞ்சல் நின்றுபோனது குறித்துப் புகார்

அனுப்புநர்:
கட்டணச் சேவைச் சந்தாதாரர்கள்
(கையடக்கக் கணினிப் பயனாளர்கள்)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின்னஞ்சல் சேவையில் செய்யப்பட்ட மாற்றங்களால் ஹேண்ட்ஹெல்ட் கருவிகளில் அஞ்சல் வராமலும் போகாமலும் இருப்பது – சரிசெய்து தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் மூன்று மாற்றங்களை ஒரே வாரத்தில் செய்தது. இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். முறையின் பழைய 1.0, 1.1 பதிப்பு இணைப்புகளை நிறுத்தியது. சர்வரிலிருந்து அஞ்சலை எடுக்கும் ஐமேப், பாப் நெறிமுறைகள் வழியாகப் பாஸ்வேர்ட் மட்டும் கொடுத்து நுழைவதை நிறுத்தி, பிரவுசர் பக்கத்தில் அனுமதி கொடுத்து நுழையும் ஓஆத் முறையைக் கட்டாயமாக்கியது. அதோடு அஞ்சல் பெட்டிகளையும் புதிய சர்வருக்கு மாற்றியது. மூன்றும் சேர்ந்து வந்ததால், எந்தக் கருவி எதனால் நின்றது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. தங்கள் அறிவிப்பில் இருந்ததோ ஒரே வரிதான்: "கருவியைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளவும்."

கிடங்கிலும் விநியோக வண்டியிலும் ஓடுகிற ஹேண்ட்ஹெல்ட்களுக்கு அப்படி ஒரு புதிய பதிப்பு கிடையாது. பார்கோடு ஸ்கேனருடன் வரும் இவற்றில் பல, விண்டோஸ் மொபைலின் தொழில்துறை வடிவமான விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5-இல் ஓடுகின்றன. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் முடித்துக்கொண்டது. மற்றவை ஆண்ட்ராய்டு 4.4. ஸ்கேன் செய்யும் மென்பொருள் அந்தந்தப் பதிப்புக்கென்றே எழுதப்பட்டது என்பதால், கருவி நல்ல நிலையில் இருக்கும்போது தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவது எளிதல்ல.

பழைய டி.எல்.எஸ். இணைப்பை மூடியதை நாங்கள் எதிர்க்கவில்லை. 2021 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 8996 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அவற்றைக் கைவிடச் சொல்லிவிட்டது. பாதுகாப்புக்கு அது தேவைதான். மூடிய விதத்தைப் பற்றித்தான் இந்தப் புகார்.

முதலாவது, சர்வர் தரும் பதில். பாஸ்வேர்ட் முறை நிறுத்தப்பட்ட கணக்கில் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும், "பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு" என்றே பதில் வருகிறது. இது உண்மையல்ல. இதை நம்பிப் பயனாளர் பாஸ்வேர்டை மாற்றுகிறார். புதிய பாஸ்வேர்டுக்கும் அதே பதில்தான். மறுபக்கம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சல் பார்க்கும்படி வைத்த கருவி ஒரு நாளில் 96 முறை தோற்றுப்போன லாகினை அனுப்புகிறது. அதைத் தாக்குதல் என்று எண்ணித் தங்கள் சர்வர் கணக்கையே பூட்டிவிடுகிறது. அதன்பிறகு மேசைக் கணினியிலும் அஞ்சல் திறப்பதில்லை. ஐமேப் நெறிமுறையில் இதற்கு வழி இருக்கிறது. கருவி இணைந்ததும் சர்வர் தன் திறன்களைச் சொல்லும் இடத்திலேயே 'லாகின்டிசேபிள்டு' என்று அறிவிக்கலாம். 'அலர்ட்' குறியோடு ஒரு வரி எழுதி அனுப்பினால் மெயில் மென்பொருள் அதைப் பயனாளர் கண்ணில் காட்டியாக வேண்டும். "பாஸ்வேர்ட் சரி, இந்த முறை நிறுத்தப்பட்டுவிட்டது" என்று அங்கே எழுதுவதில் தங்களுக்கு என்ன சிரமம்?

இரண்டாவதுதான் எங்களை அதிகம் பாதித்தது. ஐமேப்பில் ஒவ்வொரு அஞ்சலுக்கும் யு.ஐ.டி. என்ற எண் உண்டு, பெட்டிக்கு யு.ஐ.டி.வேலிடிட்டி என்ற எண் உண்டு. கருவி இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்ததை மட்டும் இறக்கும். யு.ஐ.டி.வேலிடிட்டி மாறினால், தன்னிடம் உள்ள பிரதி எல்லாம் செல்லாது என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து இறக்க வேண்டும் என்பதுதான் விதி. பாப்பில் யு.ஐ.டி.எல். குறி மாறினாலும் இதே கதைதான். 'சர்வரில் பிரதி இருக்கட்டும்' என்று வைத்தவருக்குப் பழைய அஞ்சல் அத்தனையும் புதியதாக வந்து விழும். தங்கள் நிறுவனம் பெட்டிகளைப் புதிய சர்வருக்கு மாற்றியபோது இந்த எண்களைக் கொண்டுபோகவில்லை. ஆகவே இன்னும் இணைப்புக் கிடைத்த கருவிகள் எல்லாம் முழு இன்பாக்ஸையும் மறுபடி இறக்கத் தொடங்கின.

மேசைக் கணினியில் இது ஓரிரு மணி நேரத் தொல்லை. ஹேண்ட்ஹெல்டில் அப்படியல்ல. விண்டோஸ் மொபைலில் அஞ்சல் தலைப்புகளும் விவரங்களும் 'சிஇமெயில்.வால்' என்ற ஒற்றைக் கோப்பில் சேர்கின்றன. அது வீங்கி உள்சேமிப்பு நிரம்பினால் ஸ்கேன் மென்பொருளுக்கும் எழுத இடம் இருக்காது. சரக்கை ஸ்கேன் செய்தால் பீப் சத்தம் கேட்கும், ஆனால் பதிவு சேமிக்கப்படாது. மொபைல் டேட்டா செலவு வேறு. இந்த நிலையில் உள்ள கருவிகளுக்கு நாங்கள் செய்துவருவது: முதலில் வைஃபையையும் டேட்டாவையும் அணைப்பது, கணக்கை நீக்குவது, கருவியை மறுதொடக்கம் செய்வது, பிறகு 'கடைசி 3 நாள் அஞ்சல் மட்டும்', 'தலைப்பு மட்டும், கோப்பு இணைப்பு வேண்டாம்' என்று வைத்துக் கணக்கை மறுபடி சேர்ப்பது. இணைப்பை அணைக்காமல் கணக்கை நீக்கப் போனால் பாதியில் தொங்கிவிடும். இந்த நான்கு வரி தங்கள் உதவிப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் விஷயமும் உண்டு. புதிய சர்வரின் சான்றிதழ், ஐ.எஸ்.ஆர்.ஜி. ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சான்றிதழில் (ரூட்) போய் முடிகிறது; அந்த மூலம் கருவியில் இருந்தால்தான் சர்வரை அது நம்பும். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையவற்றில் அந்த ரூட் கிடையாது. கோப்பை இறக்கி, செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் போய் 'சேமிப்பிலிருந்து நிறுவு' என்று கொடுத்தால் ஏறும். ஆனால் திரைப்பூட்டுக்கு ரகசிய எண் (PIN) வைத்தே ஆக வேண்டும் என்று கருவி கேட்கும். அதன்பின் 4.4-இல் 'நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்ற எச்சரிக்கையும் நிலையாக நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து சான்றிதழை நீக்கியவர்கள் இருக்கிறார்கள். அதே 4.4-இல் டி.எல்.எஸ். 1.2 உள்ளே இருந்தாலும் இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதால், அதைத் தானே இயக்கிக்கொள்ளும் மெயில் ஆப் தேவை. இன்னொன்று: பேட்டரி முற்றிலும் தீர்ந்து கடிகாரம் பின்னோக்கிப் போன கருவியில் எந்தச் சான்றிதழும் செல்லாது. இது தங்கள் தவறல்ல. ஆனாலும் தங்கள் உதவி மையம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'கருவியில் இன்றைய தேதி சரியாக இருக்கிறதா' என்பதே. அவர்களோ பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள்.

ஓஆத் லாகின் பக்கம் 240-க்கு 320 திரையில் முழுதாக வருவதே இல்லை. பழைய பிரவுசரில் 'அடுத்து' பொத்தான் வேலை செய்வதுமில்லை. ஓஆத் இல்லாமல் நுழைய ஒரு கருவிக்கென்று தனியே உருவாக்கித் தரும் ஆப் பாஸ்வேர்ட் வசதியைத் தங்கள் மேசைக் கணினித் தளத்தில் தந்தால் ஆண்ட்ராய்டு கருவிகளின் சிக்கல் பெரும்பாலும் தீரும். அதில் 'எல்', '1', 'ஓ', '0' போன்று குழப்பும் எழுத்துகளைத் தவிர்த்துவிடுங்கள். கையுறை போட்ட விரலால் சின்ன கீபேடில் அடிக்கிறார்கள்.

விண்டோஸ் மொபைல் கருவிக்கு ஆப் பாஸ்வேர்டும் போதாது, டி.எல்.எஸ். 1.2 அதற்குத் தெரியாது. அங்கே இருக்கும் வழி, அலுவலகத்தில் ஒரு கணினியை இடையில் நிறுத்துவது: ஹேண்ட்ஹெல்ட் உள்ளூர் வைஃபையில் 143-ஆம் போர்ட்டில் அதனுடன் பேசும், அது ஸ்டன்னல் போன்ற மென்பொருள் வழியாகத் தங்கள் 993-ஆம் போர்ட்டுக்கு டி.எல்.எஸ். 1.2-இல் பேசும். உள்ளே போகும் பகுதி மறையாக்கம் இல்லாதது. அதனால் அந்த வைஃபையை விருந்தினர் இணைப்பிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். இந்த இடைக்கணினி ஓஆத்தில் நுழைய, தாங்கள் கிளையண்ட் பதிவை (வெளி மென்பொருளைத் தங்களிடம் பதிவு செய்யும் வசதியை) திறந்துவிட வேண்டும். 2019-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8628-இன் முறையையும் ஏற்க வேண்டும்: இடைக்கணினி ஒரு சிறு குறியீட்டைக் காட்டும், பயனாளர் வேறொரு போனில் அதை அடித்து அனுமதி கொடுப்பார். இன்று தங்கள் சேவையில் இரண்டுமே இல்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரியாத விஷயமல்ல. தன் நிறுவன அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பாஸ்வேர்ட் முறையை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2019 செப்டம்பரில் அறிவித்தது. தள்ளிவைத்து, 2022 அக்டோபரில்தான் நிறுத்தத் தொடங்கியது. அப்போதும் பிரிண்டர், ஸ்கேனர் போன்றவை அஞ்சல் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. லாகினைத் தனியே விட்டுவைத்தது. கூகுள் 2013 ஜனவரி 30 முதல் இலவசக் கணக்குகளுக்கு, போனுடன் அஞ்சலை ஒத்திசைக்கும் ஆக்டிவ்சிங்கை நிறுத்தியபோது புதிய கருவிகளைத்தான் மறுத்தது. ஏற்கெனவே இணைந்திருந்தவை தொடர்ந்தன. இலவசக் கணக்குக்கே அந்த மரியாதை கிடைத்தது. நாங்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறோம்.

ஆகவே ஆப் பாஸ்வேர்டையும் கிளையண்ட் பதிவையும் உடனே திறக்க வேண்டும். அதுவரை, டி.எல்.எஸ். 1.2 பேசக்கூடிய கருவிகளுக்காவது பழைய லாகினைத் திரும்பத் தர வேண்டும். பூட்டப்பட்ட கணக்குகளை விடுவித்து, தவறான பிழைச் செய்தியைத் திருத்த வேண்டும். சேவை கிடைக்காத நாட்களுக்குரிய சந்தாவைக் கழித்துத் தர வேண்டும். இனி பெட்டிகளை இடம் மாற்றும்போது யு.ஐ.டி. எண்களைக் காப்பாற்றுவோம் என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட ஆணையத்தை அணுகுவோம். பிழைச் செய்திகளின் திரைப்பிடிப்புகளும் இணைப்புப் பதிவுகளும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையடக்கக் கணினிச் சந்தாதாரர்கள்