ஸ்பின்ட்ரானிக்ஸ் எங்கள் கரைக்கும் வேண்டிய படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் காந்தக் குணத்தையும் பயன்படுத்தும் ஸ்பின்ட்ரானிக்ஸ் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதை ‘வருங்காலத் தொழில்நுட்பம்’ என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பாம்பனில் விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். அப்படியே கம்ப்யூட்டர்களும் வரும். அவற்றில் கிடக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இந்தத் தொழில்நுட்பம் இருக்கிறது. 1997-லேயே ஐபிஎம் அதை டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனையில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம், இதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் உலோகப் படலத்தின் தடிமன். 1988-ல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க் குழுவும் தனித்தனியாக இரும்பையும் குரோமியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார்கள். ஃபெர்ட் குழுவின் அடுக்கு ஒன்றில் குரோமியம் வெறும் 0.9 நானோமீட்டர், அதாவது சில அணுக்களின் உயரம். அந்தத் தடிமனில் அடுத்தடுத்த இரும்புப் படலங்களின் காந்தத் திசை தானாகவே எதிரெதிராக நிற்கும். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பியதும், மைனஸ் 269 டிகிரி குளிரில் மின்தடை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எலக்ட்ரானுக்கு மின்னூட்டத்தோடு ஸ்பின் என்ற காந்தக் குணமும் உண்டு. படலங்கள் ஒரே திசையில் இருந்தால் ஒரு வகை ஸ்பின் உள்ளவை அதிகம் சிதறாமல் கடந்துவிடும். எதிரெதிராக இருந்தால் இரண்டு வகையும் எங்காவது ஒரு படலத்தில் சிதறும். இருவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இதைவிட வியப்பானது, 1990-ல் ஐபிஎம் விஞ்ஞானி ஸ்டூவர்ட் பார்க்கின் காட்டியது. நடுவில் இருக்கும் காந்தமில்லாத உலோகத்தின் தடிமன் கொஞ்சம் கூடினால் எதிரெதிர்த் திசை ஒத்த திசையாகிறது. இன்னும் கொஞ்சம் கூடினால் மறுபடி எதிராகிறது. ஒரு நானோமீட்டர் அளவிலான வித்தியாசத்திலேயே காந்தம் இப்படி மாறி மாறி வருகிறது. பத்தாம் வகுப்பு மாணவனிடம் சொன்னால் கண் விரியும்!

இது எங்கள் கடலுக்கும் தொடர்புள்ள விஷயம்தான். மீன் கிடைக்கும் பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, ஜிபிஎஸ்ஸில் பாயிண்டாகப் போட்டு வைப்பார்கள். பழைய மாடல்கள் பலவற்றில் அந்தப் பாயிண்டுகளைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரி. உப்புக் காற்றில் அதன் முனை அரித்துவிட்டால் எல்லாம் போச்சு. வருஷக்கணக்கில் சேர்த்த பாயிண்டுகள் அத்தனையும் அழிந்துபோய், கருவியைக் கையில் வைத்துக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருந்த சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) நான் என்ன ஆறுதல் சொல்வது? இப்போது ஃபிளாஷ் நினைவகம் வந்து அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் ஃபிளாஷ் திரும்பத் திரும்ப எழுதினால் தேயும். 2006-லிருந்து விற்பனையில் இருக்கும் எம்ரேம் என்ற காந்த நினைவகச் சிப்புகள், இரண்டு காந்தப் படலங்களின் திசை ஒத்திருக்கிறதா எதிராக இருக்கிறதா என்பதையே தகவலாக வைத்துக்கொள்கின்றன. பேட்டரி வேண்டாம், தேய்மானமும் மிகக் குறைவு. இன்னும் விலை அதிகம், அது உண்மை.

அந்தச் சிப்புக்கு வழி திறந்த ஆய்வுகளில் ஒன்றைச் செய்தவர் ஜகதீஷ் மூடேரா. சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டு காந்த உலோகங்களுக்கு நடுவில் மெல்லிய அலுமினிய ஆக்சைடு வைத்து, அறை வெப்பநிலையிலேயே மின்தடை நன்றாக மாறுவதை 1995-ல் அமெரிக்காவில் அவர் குழு காட்டியது. இதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

நான் டிப்ளமோ படித்தபோது காந்தப் பாடம் டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, மோட்டாரோடு முடிந்தது. அப்புறம் தெரிந்துகொண்டதெல்லாம் கருவியைப் பிரித்துப் பார்த்தும் இணையத்தில் தேடியும்தான். எங்கள் மாவட்டத்தில் சிப் ஆலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காந்தப்புலத்தில் மின்தடை மாறும் ஒரு காந்தத்தடை சென்சார், ஒரு கம்பிச்சுருள், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பாலிடெக்னிக் ஆய்வகத்திலேயே மின்தடை மாறுவதைப் பிள்ளைகள் அளந்து பார்க்கலாம். ஸ்பட்டரிங் முறையில் படலம் படிய வைக்கும் கருவி உள்ள பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு அவர்களை வருடம் ஒருமுறையாவது அழைத்துப் போக உயர்கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்களும் இதைத் தொடராக, படங்களோடு, பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகுக் கருவிகள் பழுது பார்க்கும் வாசகர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.